காலில் தொடங்கிய முன்னறிவிப்பு: பணியில் நீண்ட நேரம் அமர்ந்திருப்போருக்கு வரும் இரத்த உறைவு குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

2003ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள், பாக்தாத் நகருக்குத் தெற்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில், அமெரிக்கத் தரைப்படையின் 3ஆவது காலாட்படைப் பிரிவுடன் சென்றுகொண்டிருந்த என்.பி.சி. தொலைக்காட்சிச் செய்தியாளர் டேவிட் புளூம் சரிந்து விழுந்தார். மருத்துவப் பிரிவுக்குக் கொண்டுசெல்லப்பட்டும் அவரைக் காப்பாற்ற இயலவில்லை. அவருக்கு வயது 39. போர்க்களத்தில் இறந்தவர் என்பதால் குண்டடி பட்டிருக்கும் என்று எவருக்கும் தோன்றும். ஆனால் அவரது இறப்புக்கும் எதிரியின் ஆயுதத்துக்கும் தொடர்பில்லை. காலின் ஆழ்சிரையில், அதாவது தசைகளுக்கு உள்ளே ஓடி இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுசெல்லும் நாளத்தில், உருவான இரத்தக் கட்டி ஒன்று பெயர்ந்து, இதயத்தின் வழியாகச் சென்று, நுரையீரலுக்கு இரத்தம் கொண்டுசெல்லும் தமனியை அடைத்துவிட்டது.

இந்த நிகழ்வை ஆய்வுக்கு எடுத்துக்கொள்ள ஒரு காரணம் உண்டு. பணியின் பொருட்டு நெடுநேரம் கால் மடக்கி அமர்ந்திருந்த, வேறு வகையில் திடகாத்திரமாகத் தோன்றிய ஒரு நடுவயது மனிதருக்கு இது நேர்ந்தது. நேர்வதற்கு முன் அவருடைய கால் அவருக்குச் சொல்லியும் இருந்தது. போர்க்களத்தை நீக்கிவிட்டுப் பார்த்தால், எஞ்சியிருப்பது கணினி முன்னும் ஓட்டுநர் இருக்கையிலும் நாள்தோறும் நாம் காணும் நிலைதான்.

நிகழ்ந்தது என்ன

பழுதான டாங்குகளை இழுத்துச்செல்லப் பயன்படும் எம்-88 வகைக் கனரக ஊர்தி ஒன்றில், குலுக்கத்தைத் தாங்கும் கேமராவைப் பொருத்தி, பாலைவனத்தில் விரைந்துகொண்டிருக்கும்போதே நேரலையில் செய்தி வழங்கியவர் புளூம். அந்த ஊர்தியைச் சக ஊழியர்கள் 'புளூம்மொபைல்' என்றே அழைத்தார்கள். மார்ச் 20ஆம் நாள் போர் தொடங்கியது முதல் அவர் இறந்த நாள்வரை இரண்டரை வாரங்கள் உருண்டோடின. அந்த நாள்களில் அவர் பணிபுரிந்ததும் உறங்கியதும் கை காலை நீட்ட வழியில்லாத இடத்தில். முழங்கால்கள் மோவாயைத் தொடும் அளவுக்கு மடங்கிய நிலையில் தூங்க வேண்டியிருக்கிறது என்றும், கால்கள் பிடித்துக்கொள்கின்றன என்றும் கடைசி நாள்களில் அவர் தொலைபேசியில் கூறியதை அவருடைய மனைவி மெலனி புளூம் பின்னர் பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார். அதற்குமுன் வளைகுடாவுக்கு வந்த நெடிய விமானப் பயணமும் உண்டு. செயற்கைக்கோள் தொலைபேசி வழியாக அவர் மருத்துவர்களிடம் பேசியதாகவும், ஆழ்சிரையில் உறைவு ஏற்பட்டிருக்கலாம் என்று ஐயுற்ற அவர்கள் நேரில் மருத்துவம் பெறும்படி சொன்னதாகவும், அவரோ ஆஸ்பிரின் மாத்திரையை விழுங்கிவிட்டுப் பணியைத் தொடர்ந்ததாகவும் செய்திகள் வெளியாயின.

இறப்புக்குப் பின் இன்னொன்றும் தெரியவந்தது. இரத்தம் எளிதில் உறைய வழிசெய்யும் 'ஃபேக்டர் ஃபைவ் லைடன்' எனப்படும் மரபணு மாற்றம் அவருக்கு இருந்தது. அது இருப்பதை அவரும் அறிந்திருக்கவில்லை, குடும்பத்தாரும் அறிந்திருக்கவில்லை.

காரணங்கள் ஒருங்கு சேர்ந்த விதம்

உறைகட்டி ஓரிடத்தில் தோன்றி, பெயர்ந்து, வேறோரிடத்தை அடைக்கக்கூடும் என்பதை 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஜெர்மானிய நோயியல் அறிஞர் ருடால்ஃப் விர்ச்சோவ் நிறுவினார். இரத்தம் தேங்குதல், இரத்தத்தின் உறையும் இயல்பு மிகுதல், நாளத்தின் உட்சுவர் பழுதுறுதல் ஆகிய மூன்றும் உறைவுக்கு அடிப்படை என்று அவர் பெயரால் இன்றும் மருத்துவ மாணவர்கள் படிக்கிறார்கள். புளூமின் உடலில் இவற்றுள் முதலிரண்டும் ஐயத்துக்கு இடமின்றிச் சேர்ந்திருந்தன.

தேக்கம் எப்படி ஏற்படுகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும், ஏனெனில் தடுப்பு முழுவதும் அதில்தான் அடங்கியிருக்கிறது. இதயம் அழுத்தித் தள்ளும் இரத்தம் பாதம்வரை எளிதாக இறங்கிவிடுகிறது. ஆனால் புவியீர்ப்பை எதிர்த்து அது மேலேற வேண்டுமானால் கெண்டைக்காலின் ஆடுசதை சுருங்கி விரிய வேண்டும். கிணற்றுப் பம்பு செட்டின் அடியில் உள்ள ஃபுட் வால்வு, ஏறிய நீர் கீழே இறங்காமல் தடுப்பதைப் போல, சிரைகளுக்குள் உள்ள மெல்லிய வால்வுகள் ஏறிய இரத்தத்தைப் பிடித்துக்கொள்கின்றன. நடக்கும்போது ஒவ்வோர் அடிக்கும் இந்தப் பம்பு இயங்குகிறது. அமர்ந்துவிட்டால் நின்றுவிடுகிறது. அத்துடன், முழங்கால் மடங்கிய இடத்தில் சிரையும் மடங்குகிறது; இருக்கையின் முன்விளிம்பு தொடையின் அடிப்பகுதியை அழுத்துகிறது. ஆடுசதைக்குள் வால்வுகள் இல்லாத அகன்ற சிரைக்குழிகள் இருக்கின்றன. அவற்றிலும் வால்வுகளின் பின்புறப் பைகளிலும் இரத்தம் அசைவற்று நின்று, அவ்விடத்தில் ஆக்சிஜன் குறைந்து, உறைதல் தொடங்குவதற்கு ஏற்ற சூழல் உருவாகிறது. பெரும்பாலான கட்டிகள் இங்குதான் பிறக்கின்றன. பலவற்றை உடலே கரைத்துவிடும். சில மட்டும் வளர்ந்து முழங்காலுக்கு மேலே உள்ள பெரிய சிரைகளை எட்டும்; அப்படி எட்டியவை பெயர்ந்தால்தான் உயிருக்கு ஆபத்து பெரிது.

இரண்டாவது காரணம் இரத்தத்திலேயே இருந்தது. உறைதலைத் தூண்டும் ஐந்தாம் காரணி என்னும் புரதத்தை, வேலை முடிந்தபின் செயலிழக்கச் செய்யும் ஏற்பாடு ஒன்று நம் உடலில் உண்டு. ஃபேக்டர் ஃபைவ் லைடன் உள்ளவர்களிடம் அந்தப் புரதம் இவ்வேற்பாட்டுக்கு எளிதில் கட்டுப்படுவதில்லை. நெதர்லாந்தின் லைடன் நகர ஆய்வாளர்கள் 1994இல் இதைக் கண்டறிந்ததால் இப்பெயர். ஐரோப்பிய வழியினரில் ஏறத்தாழ நூற்றுக்கு ஐவரிடம் இது இருக்கிறது. அவர்களில் மிகப் பலர் வாழ்நாள் முழுவதும் ஒரு கட்டியும் வராமலே வாழ்கிறார்கள். இது தனித்து நின்று கொல்வது அரிது. இன்னொரு காரணம் வந்து சேரும்போதே தன் வலிமையைக் காட்டுகிறது. எனவே புளூமின் இறப்புக்குக் காரணம் மரபணுவா, அமர்ந்திருந்ததா என்று கேட்பது பொருத்தமான கேள்வி என்று நான் கருதவில்லை. மரபணுவோடு அவர் 39 ஆண்டுகள் வாழ்ந்தார்; மடங்கிய காலோடு இரண்டரை வாரங்களே வாழ முடிந்தது.

இது புதிய செய்தி அன்று

1940இல் ஜெர்மானிய விமானங்கள் லண்டன் மீது குண்டு வீசியபோது, மக்கள் இரவு முழுவதும் பதுங்கிடங்களில் கித்தான் சாய்வு நாற்காலிகளில் அமர்ந்தே உறங்கினார்கள். அந்த நாற்காலிகளின் முன்கட்டை தொடையின் அடிப்புறத்தை அழுத்தியது. பிணக்கூறாய்வு வல்லுநர் கீத் சிம்ப்சன், நுரையீரல் தமனி அடைப்பால் இறந்தோரின் எண்ணிக்கை 1939 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் 4 ஆக இருந்தது, அடுத்த ஆண்டு அதே மாதங்களில் 24 ஆக உயர்ந்ததைக் கண்டு எழுதினார். பதுங்கிடங்களில் நாற்காலிகளுக்குப் பதிலாக அடுக்குப் படுக்கைகள் வைக்கப்பட்டபின் இத்தகைய இறப்புகள் குறைந்தன. நான் இந்நிகழ்வைத் திரும்பத் திரும்ப நினைப்பதற்குக் காரணம், அங்கே மக்களிடம் யாரும் மருந்து கொடுக்கவில்லை, உடற்பயிற்சி செய்யச் சொல்லவில்லை. அமரும் பொருளை மாற்றினார்கள், அவ்வளவே. 1954இல் பாஸ்டன் அறுவை மருத்துவர் ஜான் ஹோமன்ஸ், விமானத்திலும் காரிலும் நாடக அரங்கிலும் நெடுநேரம் அமர்ந்திருந்தபின் காலில் உறைவு வந்த ஐவரைப் பற்றி எழுதினார். அதன்பின் கவனம் பெரும்பாலும் விமானப் பயணத்தின் மீதே குவிந்தது.

புளூம் இறந்த அதே 2003இல், நியூசிலாந்தின் ரிச்சர்ட் பீஸ்லியும் அவருடைய குழுவினரும் வேறொரு நோயாளியைப் பற்றி வெளியிட்டார்கள். அவருக்கு வயது 32. நாள்தோறும் கணினி முன் ஏறத்தாழ 12 மணி நேரமும், சில நாள்களில் 18 மணி நேரமும் அமர்ந்திருப்பவர். முதலில் கெண்டைக்கால் வீங்கி வலித்தது; பத்து நாள்களில் அது தானாகவே வடிந்துவிட்டது. பின்னர் நடந்தால் மூச்சு வாங்கத் தொடங்கியது. அது வாரக்கணக்கில் மெல்ல மெல்லக் கூடி, ஒருநாள் அவர் நினைவிழந்து விழுந்தார். நல்வாய்ப்பாக அவர் உயிர் பிழைத்தார். நோய்க்குப் பெயரிட்ட குழுவினர், 21ஆம் நூற்றாண்டுக்கு உரிய உறைவு என்ற பொருள்பட அதற்கு 'இ-திராம்போசிஸ்' என்று பெயர் வைத்தார்கள்.

இவ்விரு நிகழ்வுகளையும் அருகருகே வைத்துப் படிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இருவருக்கும் கால் முதலில் சொன்னது. ஒருவர் வலியைப் பொறுத்துக்கொண்டு பணியைத் தொடர்ந்தார். மற்றவருக்கு வீக்கம் வடிந்துவிட்டதால் அது முடிந்துபோன செய்தியாகிவிட்டது. வீக்கம் வடிந்தது என்பது கட்டி கரைந்தது என்பதற்குச் சான்று ஆகாது. இரத்தம் வேறு சிறு சிரைகள் வழியாகப் பாதை தேடிக்கொண்டிருக்கலாம், கட்டியின் ஒரு பகுதி இடம் பெயர்ந்தும் இருக்கலாம்.

ஆபத்தின் உண்மை அளவு

அச்சமூட்டுவது என் நோக்கமன்று. ஆகவே அளவைச் சொல்லிவிட வேண்டும். மேலை நாடுகளில் வளர்ந்தோரில் ஆண்டுக்கு ஏறத்தாழ ஆயிரத்தில் ஒருவருக்குச் சிரை உறைவு நோய் வருகிறது. அதே நியூசிலாந்துக் குழுவினர் 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு நாளில் குறைந்தது 10 மணி நேரம் பணிக்காகவும் கணினிக்காகவும் அமர்ந்து, அதற்குள் குறைந்தது 2 மணி நேரம் ஒருமுறைகூட எழாதிருந்தவர்களிடம் நோய்க்கான வாய்ப்பு ஏறத்தாழ 2.8 மடங்காகக் காணப்பட்டது. அதாவது, தோராயமாகச் சொன்னால், ஆயிரத்தில் ஒருவர் என்பது மூவரை நெருங்குகிறது. நோய் வந்தபின் தம் பழக்கத்தை நினைவுகூர்ந்து சொல்லும் ஆய்வுகளுக்குச் சில குறைகள் உண்டு. நோயுற்றவர், தாம் அசையாமல் இருந்த நேரத்தை மற்றவர்களைவிடக் கூர்மையாக நினைவில் வைத்திருப்பார். ஆயினும் பயணிகளைப் பற்றி உலக சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட ஆய்வறிக்கையும் இதே திசையைக் காட்டுகிறது: 4 மணி நேரமோ அதற்கு மேலோ அமர்ந்து பயணம் செய்தால், அது விமானமானாலும் பேருந்தானாலும் காரானாலும், வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்காகிறது, உடல்நலமுள்ள பயணிகளில் அது ஒரு பயணத்துக்கு 6,000 பேரில் ஒருவர் என்ற அளவு.

ஆனால் இந்தச் சராசரி எல்லோருக்கும் பொருந்தாது. அண்மையில் அறுவை மருத்துவம் செய்துகொண்டவர், காலில் மாவுக்கட்டு போட்டவர், புற்றுநோயாளர், கருவுற்றவர், மகப்பேறு முடிந்து ஆறு வாரங்கள் ஆகாதவர், உடல் பருத்தவர், தமக்கோ பெற்றோர் உடன்பிறந்தோருக்கோ முன்பு கட்டி வந்தவர் ஆகியோருக்கு அடிப்படை ஆபத்தே கூடுதல். ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரைக்கும் இதில் பங்கு உண்டு. கோயில் பயணத்துக்கும் வீட்டு விசேஷத்துக்கும் மாதவிலக்கைத் தள்ளிப்போட நம் பெண்கள் மருந்துக் கடையில் நேரே வாங்கி விழுங்கும் நோரெத்திஸ்டிரோன் மாத்திரையையும் இங்கே சொல்லியாக வேண்டும். அதைத் தின்றபின் இரவு முழுவதும் பேருந்தில் கால் தொங்க அமர்ந்து செல்வது, இரண்டு காரணங்களைத் தெரியாமலே ஒன்று சேர்ப்பதாகும். கட்டி வந்த முன்வரலாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேளாமல் அதைத் தொடவே கூடாது.

இன்னொன்று நம்மவர்களுக்கு நேரடியாகப் பொருந்துகிறது. விமானப் பயணிகளிடம் செய்த ஆய்வில், 190 சென்டிமீட்டருக்கு மேல் உயரமானவர்களைப் போலவே 160 சென்டிமீட்டருக்குக் குறைவானவர்களுக்கும் கூடுதல் வாய்ப்பு காணப்பட்டது. பாதம் தரையில் பதியாமல் தொங்கினால் இருக்கையின் விளிம்பு தொடையை அழுத்துகிறது என்பது இதற்குரிய விளக்கம். நம் அலுவலகங்களில் வேலை செய்யும் பெண்களில் மிகப் பலர் இந்த உயரத்துக்குக் கீழே இருப்பவர்கள். நாற்காலிகளோ அவர்களை எண்ணிச் செய்யப்பட்டவை அல்ல.

தடுப்பது எப்படி

பம்பு நின்றுவிடுவதே காரணம் என்றால், அதை அடிக்கடி இயக்குவதே தடுப்பு. மணிக்கு ஒருமுறையாவது எழுந்து இரண்டு மூன்று நிமிடம் நடப்பது இதன் அடிப்படை. எழ முடியாத நேரங்களில், பாதத்தைத் தரையில் ஊன்றிக் குதிகாலை உயர்த்தி இறக்குவது, பின் குதிகாலை ஊன்றி விரல்களை உயர்த்துவது என்று இருபது முப்பது முறை செய்தால் ஆடுசதை சுருங்கி விரிந்து இரத்தத்தை மேலேற்றும். காலையில் ஒரு மணி நேரம் நடைப்பயிற்சி செய்கிறேன், எனவே எனக்குக் கவலையில்லை என்று சொல்வோரை நான் அடிக்கடி காண்கிறேன். அந்த நடை இதயத்துக்கும் சர்க்கரைக்கும் பெரும் நன்மை செய்கிறது, ஆனால் பிற்பகல் மூன்று மணிக்குக் காலில் தேங்கி நிற்கும் இரத்தத்தை அது நகர்த்தாது. அந்த நேரத்துக்குரிய அசைவு அந்த நேரத்திலேயே வேண்டும்.

பாதம் முழுவதும் தரையில் பதியும்படி நாற்காலியைத் தாழ்த்த வேண்டும்; மேசை உயரம் அதற்கு இடம் தராவிட்டால் காலடியில் ஒரு பலகை வைக்க வேண்டும். மேசைக்கடியில் கணினியின் சிபியு பெட்டியும் பழைய கோப்புகளும் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தால், கால் ஒரே கோணத்தில் சிறைப்பட்டுவிடும். அவற்றை அப்புறப்படுத்துவது பலர் நினைத்துப்பார்க்காத எளிய தடுப்பு. கால்மேல் கால் போட்டு நெடுநேரம் இருப்பதும் நல்லதன்று. தண்ணீர் குடித்தால் கட்டி வராது என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. அதற்கான நேரடிச் சான்று வலுவானதன்று. எனினும் சிறிய குவளையில் அடிக்கடி குடிப்பவர் அடிக்கடி எழ வேண்டியிருக்கும் என்பதால் அதை நான் பரிந்துரைக்கிறேன்.

அழுத்தக் காலுறைகளுக்கு நல்ல சான்று உண்டு. 2001இல் லண்டன் மருத்துவர் ஜான் ஸ்கர் குழுவினர், 8 மணி நேரத்துக்கு மேற்பட்ட விமானப் பயணம் செய்த ஐம்பது வயது கடந்தவர்களை ஆராய்ந்தபோது, காலுறை அணியாத 116 பேரில் 12 பேருக்கு அறிகுறியற்ற உறைவு காணப்பட்டது; அணிந்த 115 பேரில் ஒருவருக்கும் இல்லை. ஆனால் இவை ஆபத்துக் காரணம் உள்ளவர்களுக்கு, சரியான அளவெடுத்து, மருத்துவர் சொல்லி அணிய வேண்டியவை. காலுக்குச் செல்லும் தமனி ஓட்டம் குறைந்த சர்க்கரை நோயாளிகளுக்கும் புகைப்போருக்கும் இவை தீங்காகவும் முடியலாம். புளூம் விழுங்கிய ஆஸ்பிரின், தமனியில் வரும் மாரடைப்புக்கு உதவுவதைப் போலச் சிரையில் ஏற்கெனவே உருவான கட்டிக்கு மருந்தாகாது. அதற்கு ஹெபாரின், வார்ஃபரின் போன்ற உறைவெதிர் மருந்துகள் மருத்துவர் கண்காணிப்பில் தேவை.

இவை தனிமனிதர் செய்யக்கூடியவை. ஆனால் எழுந்து நடக்க அனுமதியில்லாத பணியில் இந்த அறிவுரைகள் எவருக்குப் பயன்படும்? தலையில் ஹெட்செட்டோடு அழைப்பு மையத்தில் இருக்கும் ஒருவர் எழும் ஒவ்வொரு நிமிடமும் கணக்கில் பதிவாகிறது என்றால், அவர் எழமாட்டார். கழிவறைக்குப் போகும் நேரத்தைக் குறைப்பதற்காகத் தண்ணீரையே தவிர்க்கும் பெண் ஊழியர்கள் இருக்கிறார்கள். தொலைதூரப் பேருந்து ஓட்டுநர் தாமே நினைத்த இடத்தில் வண்டியை நிறுத்திவிட முடியாது. லண்டன் பதுங்கிடத்தில் நாற்காலியை அகற்றியதைப் போல, எழுவதற்கான நேரத்தைப் பணி அட்டவணைக்குள்ளேயே வைப்பது நிறுவனத்தின் கடமை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கால் சொல்வதைக் கேட்பது

ஒரு காலில் மட்டும் வரும் வீக்கம், ஆடுசதையில் தொட்டால் வலி, அவ்விடத்தில் சூடு, நிறமாற்றம் ஆகியவை ஆழ்சிரை உறைவின் அறிகுறிகள். நம் போன்ற கருநிறத் தோலில் சிவப்பு புலப்படாமல் போகலாம். எனவே நிறத்தை நம்பாமல் இரு கால்களையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இங்கே நம் ஊர்ப் பழக்கம் ஒன்றைக் கவலையோடு குறிப்பிட வேண்டியிருக்கிறது. கால் வலித்தால் தைலம் தேய்த்து நீவிவிடுவதும், சுளுக்கு என்று எண்ணி வழித்துவிடச் சொல்வதும் நாம் அன்போடு செய்பவை. சாதாரணத் தசைப்பிடிப்புக்கு அதனால் கேடில்லை. ஆனால் உள்ளே கட்டி இருந்தால், அழுத்தி நீவுவது அதைப் பெயர்த்து மேலே அனுப்பிவிடக்கூடும். ஒரு கால் மட்டும் வீங்கியிருக்கும்போது யாரும் அதை அழுத்திப் பிடித்துவிட வேண்டாம்.

திடீர் மூச்சுத்திணறல், மூச்சிழுத்தால் குத்தும் நெஞ்சுவலி, இருமலில் இரத்தம், மயக்கம் ஆகியவற்றுள் ஒன்று வந்தால் காத்திருக்காமல் 108 ஊர்தியை அழைக்க வேண்டும். கால் அறிகுறி மட்டும் இருந்தால் அன்றே மருத்துவரைப் பார்ப்பது போதும். அவர் முழங்காலுக்குக் கீழே எலும்பு முடிச்சிலிருந்து 10 சென்டிமீட்டர் அளந்து, இரு கெண்டைக்கால்களின் சுற்றளவையும் நாடாவால் ஒப்பிடுவார். 3 சென்டிமீட்டருக்கு மேல் வேறுபாடு இருந்தால் ஐயம் வலுக்கும். டி-டைமர் என்னும் இரத்தப் பரிசோதனையும், வலியில்லாத டாப்ளர் ஸ்கேனும் பெரும்பாலும் விடை சொல்லிவிடும். அன்று ஈராக் பாலைவனத்தில் இவற்றுள் ஒன்றும் புளூமுக்குக் கைக்கெட்டும் தொலைவில் இல்லை. அவர் நினைவாக 2005இல் அமெரிக்க மேலவை மார்ச் மாதத்தை ஆழ்சிரை உறைவு விழிப்புணர்வு மாதமாக அறிவித்தது. நம் நகரங்களில் பெரும்பாலானோருக்கு இப்பரிசோதனைகள் சில கிலோமீட்டருக்குள் கிடைக்கின்றன. மருத்துவரிடம் செல்வோர் வலியை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ளாமல், ஒரு நாளில் எத்தனை மணி நேரம் அமர்ந்திருக்கிறோம், இடையில் எத்தனை மணிக்கு ஒருமுறை எழுகிறோம், என்ன மாத்திரை சாப்பிடுகிறோம், குடும்பத்தில் யாருக்காவது கட்டி வந்ததுண்டா என்பவற்றை, அவர் கேட்காவிட்டாலும், நாமே முன்வந்து சொல்ல வேண்டும்.